ஒரு கறுப்பு முள் நடத்திய பாடம்

‘புதிய உயிரினம் கண்டுபிடிப்பு’ என்று நாளிதழில் செய்தி வந்தால் நம் மாணவர்கள் மனதில் ஒரு படம் எழும். மனிதர் கால் படாத காடு அல்லது ஆழ்கடல், அங்கே இதுவரை யாரும் பார்த்திராத விசித்திரமான விலங்கு, அதைப் பார்த்த நொடியிலேயே துள்ளிக் குதிக்கும் விஞ்ஞானி. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஏற்கெனவே தெரிந்ததுபோல் தோன்றும் ஒன்றை யாரோ ஒருவர் இன்னொரு முறை உற்றுப் பார்க்கிறார். கண்டுபிடிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

7-ஆம் வகுப்பில் வகைப்பாட்டியல் நடத்துகிறோம். உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்ற ஏழு படிகளையும் மாணவர்கள் இரண்டே நாளில் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் கடைசிப் படியில் ஒரு கேள்வி பாக்கி நிற்கும். ஒரு உயிரி வேறு சிற்றினம் என்று யார் முடிவு செய்கிறார்கள்? எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடையாக நான் ஒரு மீனின் கதையை வகுப்பில் நடத்திவருகிறேன். மூன்று பாடவேளைகள் போதும். அதே கதை 9-ஆம் வகுப்பில் பாய்மங்கள் பாடத்துக்கும் உதவுகிறது. அந்த அனுபவத்தை ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

வண்ணத்துப்பூச்சி மீன்கள்

கதைக்குள் போகும் முன் அந்த மீன் குடும்பத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். பவளப்பாறைகளில் வாழும் மீன்களில் வண்ணத்துப்பூச்சி மீன்கள் தனி அழகு கொண்டவை. இருபக்கமும் அழுத்தியது போன்ற தட்டையான உடல், கூம்பிய சிறிய வாய், மஞ்சள், வெள்ளை, கறுப்பு, பழுப்பு நிறங்களில் பட்டைகள். இவற்றின் குடும்பத்துக்கு அறிவியல் பெயர் கீடோடோன்டிடே. முடி, பல் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. தூரிகை மயிர் போல நெருங்கி நிற்கும் நுண்ணிய பற்களே இந்தப் பெயருக்குக் காரணம். உலகில் ஏறத்தாழ 130 சிற்றினங்கள் இக்குடும்பத்தில் உள்ளன.

பலவற்றில் ஒரு கரும்பட்டை கண்ணின் மேல் ஓடி, கண்ணை மறைத்துவிடும். சிலவற்றில் உடலின் பின்பகுதியில் கண் போன்ற ஒரு கரும்புள்ளி இருக்கும். தாக்க வரும் பெரிய மீனுக்குத் தலை எது, வால் எது என்று குழப்பம் வரும் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். தகவமைப்பு பற்றிப் பேசும்போது மாணவர்களுக்குக் காட்ட நல்ல எடுத்துக்காட்டு.

இந்தக் குடும்பத்தில் சில மீன்கள் பவள உயிரிகளை மட்டுமே தின்று வாழ்கின்றன. பவளம் அழிந்தால் அவையும் இருக்காது. அதனால் ஒரு பவளப்பாறை நலமாக இருக்கிறதா என்று அறிய இம்மீன்களையும் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். நம் மன்னார் வளைகுடாவிலும் எட்டுக்கோட்டு வண்ணத்துப்பூச்சி மீன் உள்ளிட்ட பல வகைகள் வாழ்கின்றன.

அழகாகவும் பகலில் நடமாடுவனவாகவும் இருப்பதால் இம்மீன்கள் வெகுகாலமாக ஆராயப்பட்டு வந்துள்ளன. கடல்நீர்த் தொட்டி வளர்ப்போர் இவற்றைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். இத்தனை கண்கள் பார்த்த ஒரு குடும்பத்தில் புதிதாக ஒரு சிற்றினம் கிடைப்பது அபூர்வம்.

பார்த்தும் பிடிபடாத மீன்

பிலிப்பைன்ஸ் நாட்டில் லூசான் தீவுக்கும் மிண்டோரோ தீவுக்கும் நடுவே வெர்டே தீவு நீரிணை என்று ஒரு கடற்பகுதி இருக்கிறது. கரையோர மீன் வகைகள் உலகிலேயே மிக நெருக்கமாகச் செறிந்துள்ள இடங்களில் ஒன்று அது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் உள்ள கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் அங்கே ஆழத்தில் உள்ள பவளப்பாறைகளை ஆராய்ந்துவந்தார்கள்.

நாம் படங்களில் பார்க்கும் வண்ணமயமான பவளப்பாறை பெரும்பாலும் 30 மீட்டர் ஆழத்துக்குள் இருப்பது. அதற்குக் கீழே ஏறத்தாழ 150 மீட்டர் வரை வெளிச்சம் மங்கிக்கொண்டே போகும் ஓர் அந்திப்பகுதி உண்டு. சாதாரண மூழ்குவீரர்கள் 40 மீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. நீர்மூழ்கிக் கப்பல்களோ இன்னும் ஆழத்துக்குப் போய்விடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதால் அந்திப்பகுதி நெடுங்காலம் கவனிக்கப்படாமல் இருந்தது. ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்து, வெளிவிடும் மூச்சைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் கருவிகளுடன்தான் அங்கே இறங்க முடியும்.

அங்கே 100 முதல் 130 மீட்டர் ஆழத்தில் ரோவா என்ற பேரினத்தைச் சேர்ந்த வண்ணத்துப்பூச்சி மீன்கள் கிடைத்தன. வெள்ளை உடலில் பழுப்புப் பட்டைகள், முதுகுத் துடுப்பில் ஒரு கரும்புள்ளி. ரோவா மீன்கள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இப்பேரினத்தின் மீன்கள் ஜப்பான், ஹவாய், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் ஏற்கெனவே அறியப்பட்டவை. நம் நாட்டின் மேற்குக் கடலோரம் வரை பரவியுள்ள ரோவா ஜெயகரி என்ற சிற்றினமும் உண்டு. மஸ்கட்டில் பணியாற்றியபடியே மீன்களைச் சேகரித்த ஜெயகர் என்ற இந்திய மருத்துவரின் பெயரைத் தாங்கியது அது.

பிலிப்பைன்ஸில் பிடிபட்ட மீன்களில் ஒன்று உயிருடன் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுவரப்பட்டு, அக்கழகத்தின் ஸ்டெயின்ஹார்ட் நீர்வாழ் காட்சியகத்தில் வளர்க்கப்பட்டது. தொட்டிக்குள் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தபோதுதான் வேறுபாடு கண்ணில் பட்டது. மீனின் அடிப்பகுதியில் இரண்டு இடுப்புத் துடுப்புகள் இருக்கும். ஒவ்வொன்றின் முன்னோரத்திலும் ஒரு முள் நிற்கும். பிற ரோவா மீன்களில் அந்த முள் வெளிறியிருக்கும். இதில் கறுப்பாக இருந்தது.

2017-இல் லூயிஸ் ரோஷா உள்ளிட்ட ஐந்து பேர் சேர்ந்து, ரோவா ரம்ஸ்ஃபெல்டி என்ற பெயரில் அதைப் புதிய சிற்றினமாக அறிவித்தார்கள். அந்த ஐவரில் மாட் வாண்டெல், பார்ட் ஷெப்பர்ட் ஆகிய இருவரும் அந்த நீர்வாழ் காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள். மீன்களை நாள்தோறும் பராமரிக்கும் பணியில் இருப்பவர்களின் கண்ணுக்கும் ஆய்வில் இடம் உண்டு. இதை நான் வகுப்பில் தவறாமல் சொல்வேன். ஆய்வு என்றால் வெள்ளை அங்கி போட்டவர்களின் வேலை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

“ஒரு முள் போதுமா டீச்சர்?”

கதையை இந்த இடத்தில் நிறுத்தினால் அது வெறும் சுவையான செய்திதான். பாடம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 7-ஆம் வகுப்பில் இதைச் சொல்லி முடித்தபோது பின்வரிசையில் இருந்து ஒரு மாணவன் கேட்டான்: “ஒரு முள்ளு கறுப்பா இருந்தா அது வேற மீனா டீச்சர்? எங்க வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு செவலை. அப்போ ரெண்டும் வேற வேறயா?”

வகைப்பாட்டியலின் மையமான கேள்வி இதுதான். ஒரே சிற்றினத்துக்குள் காணப்படும் வேறுபாடு எது, இரண்டு சிற்றினங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு எது? நான் உடனே விடை சொல்லவில்லை. “நீ விஞ்ஞானியாக இருந்தால் அடுத்து என்ன செய்வாய்?” என்று வகுப்பையே கேட்டேன். விடைகளைக் கரும்பலகையில் எழுதினோம். “இன்னும் நிறைய மீனைப் பிடிச்சுப் பாக்கணும்.” “அளந்து பாக்கணும்.” “அதோட அம்மா, அப்பா மீனையும் பாக்கணும்.” “ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணணும்.”

ஆய்வாளர்கள் செய்ததும் ஏறத்தாழ இவைதான். ஒரு மீனோடு நிற்காமல் பிற மாதிரிகளையும் பார்த்தார்கள். உடலின் பகுதிகளை அளந்தார்கள். துடுப்பில் உள்ள முட்களையும் கதிர்களையும் எண்ணினார்கள். உடலின் பக்கவாட்டுக் கோட்டில் உள்ள செதில்களை எண்ணினார்கள். ஏற்கெனவே அறியப்பட்ட ரோவா மீன்களின் விவரங்களோடு ஒப்பிட்டார்கள். டி.என்.ஏ.வில் ஒரு குறிப்பிட்ட மரபணுவை எடுத்து ஒப்பிட்டார்கள். எல்லாம் ஒரே திசையைக் காட்டின. ஆட்டுக்குட்டிகளில் நிறம் மட்டும்தான் மாறும். மற்ற அடையாளங்கள் ஒன்றாகவே இருக்கும், இரண்டும் ஒரே தாயின் குட்டிகள். இந்த மீனில் நிறத்தோடு சேர்ந்து பிற அடையாளங்களும் மாறியிருந்தன.

அந்த மாணவனுக்குக் கிடைத்த விடையை வகுப்பே சேர்ந்து ஒரு வரியாக எழுதியது: ஐயம் ஒரு அடையாளத்தில் தொடங்கலாம், முடிவுக்குப் பல சான்றுகள் வேண்டும். வகைப்பாட்டியலில் நான் மாணவர்களிடம் எதிர்பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான். இது மீனுக்கு மட்டும் உரியதல்ல. கைபேசியில் வரும் ஒரு படத்தை வைத்து ஒரு மனிதரைப் பற்றியோ ஊரைப் பற்றியோ முடிவுக்கு வந்துவிடும் காலத்தில், பன்னிரண்டு வயதில் இந்தப் பழக்கம் வருவது முக்கியம் என்று கருதுகிறேன்.

புதிய சிற்றினத்தை அறிவிக்கும்போது ஒரு மாதிரியைப் பெயர்தாங்கி மாதிரியாகக் குறித்து அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைப்பார்கள். பின்னாளில் யாருக்கு ஐயம் வந்தாலும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடையின் எடைக்கல்லை முத்திரையிட்ட எடைக்கல்லோடு வைத்துச் சரிபார்ப்பதைப் போல என்று சொன்னால் பிள்ளைகளுக்கு எளிதில் புரிகிறது.

சாளையும் சூடையும்

எங்கள் பள்ளி கடலோரத்தில் இல்லை. பவளப்பாறையை யாரும் பார்த்ததில்லை. ஆனால் மீன் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வகுப்பில் ஒரு மாணவியின் தாய் வாரச்சந்தையில் மீன் விற்பவர். அந்தப் பெண் வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். “ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மீன்களை யாராவது பிரித்துச் சொல்ல முடியுமா?” என்று கேட்டபோது எழுந்து நின்றாள்.

“சாளையும் சூடையும் ஒண்ணு போல வெள்ளையாத்தான் இருக்கும் டீச்சர். சாளை உருண்டு நீளமா இருக்கும். சூடை தட்டையா இருக்கும். வயித்தோரம் விரலை வச்சுத் தடவினா சொரசொரன்னு கீறும்.”

அவள் சொன்னது சரி. எண்ணெய்ச் சாளையும் சூடை என்று அழைக்கப்படும் சிறு மீன்களும் சார்டினெல்லா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, ஆனால் வேறு வேறு சிற்றினங்கள். வயிற்றோரத்தில் கீறுவது அங்கே வரிசையாக உள்ள கூரிய செதில்கள். நிறத்தை விட்டுவிட்டு உடலின் வடிவத்தையும் செதிலையும் வைத்து அவள் பிரித்தாள். ஒன்றுக்கு இரண்டு சான்று. விஞ்ஞானிகள் செய்வதையே அவள் சந்தையில் கற்றிருந்தாள். கரும்பலகையில் பேரினம், சிற்றினம் என்ற சொற்களுக்கு நேராக அவளே வந்து சாளை, சூடை என்று எழுதினாள். அதன் பிறகு அந்தச் சொற்களை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு வகுப்பிலும் இப்படிப்பட்ட அறிவு இருக்கிறது. ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைக்குத் தழைகள் தெரியும். வயலுக்குப் போகும் பிள்ளைக்கு நெல்லையும் அதனிடையே வளரும் களையையும் பிரிக்கத் தெரியும். பூ கட்டும் வீட்டுப் பிள்ளைக்கு மல்லிகையும் முல்லையும் தெரியும். தொலைதூரத்து மீனை வகுப்புக்குக் கொண்டுவருவதன் பயன், அருகில் உள்ள இந்த அறிவை வெளியே எடுப்பதுதான்.

120 மீட்டர் ஆழத்திலிருந்து உயிருடன்

அந்த மீன் உயிருடன் மேலே வந்தது எப்படி என்பது 9-ஆம் வகுப்புக்கான பகுதி. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நீர்மட்டத்தில் அழுத்தம் 1 என்றால் 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 4, 60 மீட்டரில் 7, 120 மீட்டரில் 13. இந்த அட்டவணையை மாணவர்களையே நிரப்பச் சொல்லலாம்.

இத்தகைய மீன்களின் உடலில் காற்றுப்பை உண்டு. பாயில் விதிப்படி, வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் குறைந்தால் வாயுவின் பருமன் அதே விகிதத்தில் பெருகும். 120 மீட்டரில் 1 மில்லிலிட்டர் இருந்த வாயு, தடையின்றி மேலே வந்தால் 13 மில்லிலிட்டராக விரியும். சிறிய உடலுக்குள் அதற்கு இடம் ஏது? காற்றுப்பை கிழியலாம், இரைப்பை வாய் வழியாக வெளியே தள்ளப்படலாம். சந்தையில் சில மீன்களின் வாயில் பை போல ஒன்று துருத்திக்கொண்டிருப்பதை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ஆழத்திலிருந்து வேகமாக இழுக்கப்பட்ட மீன்களுக்கு நேர்வது அது.

இதைத் தவிர்க்க ஆய்வாளர்கள் எடை குறைந்த ஓர் அழுத்தக் கலனைப் பயன்படுத்துகிறார்கள். மீனை நீருக்கடியிலேயே அதில் வைத்து மூடிவிட்டால், மேலே வரும்போதும் உள்ளே ஆழத்தின் அழுத்தம் நீடிக்கும். பிறகு அதைச் சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். மூழ்கியவர்களும் அவசரப்பட்டு மேலே வர முடியாது. உடலில் கரைந்துள்ள வாயுக்கள் குமிழிகளாகிவிடும் ஆபத்து இருப்பதால், இடையிடையே நின்று மணிக்கணக்கில் நேரம் எடுத்துத்தான் மேலேறுகிறார்கள்.

இதை விளக்க ஆய்வகம் தேவையில்லை. ஊசி நீக்கிய பெரிய சிரிஞ்சு ஒன்று, சிறிய பலூன் ஒன்று போதும். பலூனில் சிறிதளவு காற்று ஊதி முடிச்சிட்டுச் சிரிஞ்சுக்குள் போடுங்கள். தண்டைச் செருகி, முனையை விரலால் அடைத்துத் தண்டை வெளியே இழுத்தால் பலூன் பருக்கும், உள்ளே அழுத்தினால் சுருங்கும். “இதுதான் மீனின் காற்றுப்பை” என்று சொன்னால் மாணவர்கள் சிரிஞ்சைக் கீழே வைக்கமாட்டார்கள். பயன்படுத்தாத புதிய சிரிஞ்சாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பெயரில் ஒரு பயிற்சி

ரம்ஸ்ஃபெல்டி என்ற பெயரைச் சொன்னதும் “அது யாரு?” என்ற கேள்வி வரும். டொனால்டு ரம்ஸ்ஃபெல்டு அமெரிக்காவின் பாதுகாப்புத் துறைச் செயலராக இருந்தவர். 2002-இல் செய்தியாளர்களிடம் பேசும்போது, தெரியும் என்று நமக்குத் தெரிந்தவை, தெரியாது என்று நமக்குத் தெரிந்தவை, தெரியாது என்பதே நமக்குத் தெரியாதவை என்று மூன்றாகப் பிரித்துப் பேசினார். அவர் பேசியது இராக் தொடர்பாக. அந்தப் போரும் அவருடைய பங்கும் கடும் விமர்சனத்துக்கு உள்ளானவை. ஆனால் அந்த வகைப்பாடு பரவலாகப் பேசப்பட்டது. கண் முன்னே இருந்தும் அறியப்படாமல் இருந்த மீனுக்கு அது பொருந்தும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

கரும்பலகையில் இந்த மூன்றையும் தலைப்பாக எழுதி, மீன்களைப் பற்றி மாணவர்களை நிரப்பச் சொல்வேன். மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று தடுமாறுவார்கள். எழுத முடிந்தால் அது இரண்டாவது கட்டத்துக்குப் போய்விடுமே என்று ஒருவராவது கண்டுபிடிப்பார். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவைப்போம். நான்காவதாக ஒரு கட்டத்தையும் நான் சேர்ப்பதுண்டு: நமக்குத் தெரிந்தும், தெரியும் என்று நாம் அறியாதவை. அதில் சாளையும் சூடையும் போய் உட்காரும்.

இருபெயரிடும் முறையையும் இங்கேயே சொல்லிவிடலாம். விலங்குகளுக்கு இம்முறையைச் சீராகப் பயன்படுத்திய லின்னேயஸின் 1758-ஆம் ஆண்டு நூல்தான் விலங்குப் பெயரிடலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ரோவா என்பது பேரினம், ரம்ஸ்ஃபெல்டி என்பது சிற்றினத்தைக் குறிக்கும் சொல். ஜெயகரி, ரம்ஸ்ஃபெல்டி என்ற இரண்டு பெயர்களை அருகருகே எழுதி, “முதல் பெயர் ஏன் ஒன்றாக இருக்கிறது?” என்று கேட்டால் விடை மாணவர்களிடமிருந்தே வரும்.

தொட்டியிலா, கடலிலா?

மூன்றாவது பாடவேளையை விவாதத்துக்கு ஒதுக்குவேன். தலைப்பு: அரிய மீனைத் தொட்டியில் வளர்க்கலாமா?

இரு தரப்புக்கும் உண்மையான வாதங்கள் இருக்கின்றன. தொட்டியில் இருந்ததால்தான் அந்தக் கறுப்பு முள் தெரிந்தது. பொதுக் காட்சியகத்தில் அந்திப்பகுதி மீன்களைப் பார்க்கும் குழந்தைகள், தங்களால் ஒருபோதும் போக முடியாத கடலை அறிந்துகொள்கிறார்கள். பார்க்காத ஒன்றைப் பாதுகாக்க யாரும் முன்வருவதில்லை என்பதும் உண்மை.

மறுபக்கம், அழகுக்காக விற்கப்படும் வண்ணத்துப்பூச்சி மீன்கள் ஏறக்குறைய எல்லாமே கடலில் பிடிக்கப்பட்டவை. கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைக்கும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் அதில் வெற்றி கண்டுள்ளது. வண்ணத்துப்பூச்சி மீன் அப்படி இல்லை. அதன் இளம் பருவம் தலையில் எலும்புக் கவசம் அணிந்து திறந்த கடலில் நீண்ட நாட்கள் மிதந்து திரிவது. அதைத் தொட்டியில் வளர்த்தெடுப்பது மிகக் கடினம். பவள உயிரிகளை மட்டும் தின்னும் வகைகள் தொட்டியில் வேறு உணவை ஏற்காமல் பட்டினியில் சாகின்றன. ஆழத்து மீனுக்கோ மங்கிய ஒளியும் குளிர்ந்த நீரும் வேண்டும். அரிது என்ற சொல்லே விலையை ஏற்றிவிடுகிறது. விலை ஏறினால் பிடிப்பவர்களும் கூடுவார்கள்.

நம் மாநிலத்தோடு இதை இணைப்பது எளிது. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. பவளங்களும் கடல் குதிரைகளும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. பவளத்தைப் பாதுகாத்தால் அதை நம்பியிருக்கும் வண்ணத்துப்பூச்சி மீனும் பிழைக்கும் என்பதை மாணவர்கள் தாங்களாகவே இணைத்துச் சொல்வார்கள்.

விவாதத்தின் முடிவில் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. அரிய மீன் ஒன்றை வாங்க நினைப்பவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை ஒவ்வொரு குழுவும் எழுதித் தர வேண்டும். “இது எங்கே பிடிக்கப்பட்டது?”, “இது என்ன தின்னும்?”, “தொட்டியில் இதை இனப்பெருக்கம் செய்ய முடியுமா?” ஆகிய மூன்றும் ஏறக்குறைய எல்லாக் குழுக்களின் தாள்களிலும் வந்துவிடுகின்றன.

உங்கள் வகுப்பில் நடத்த

தொடக்க வகுப்புகளுக்கு இலை விளையாட்டு ஏற்றது. ஒரே மரத்தின் உதிர்ந்த இலைகளை ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். ஐந்து நிமிடம் உற்றுப் பார்க்கட்டும். பிறகு எல்லாவற்றையும் கலந்து தரையில் பரப்பி, தன் இலையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். எல்லா இலையும் ஒரே மரத்தினுடையது, ஆனாலும் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒரே சிற்றினத்துக்குள் உள்ள வேறுபாடு என்பது இதுதான்.

நடுநிலை வகுப்புகளுக்குச் சமையலறைப் பயறுகள் போதும். பச்சைப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை ஆகியவற்றை ஒரு தட்டில் கலந்து, ‘ஆம்’, ‘இல்லை’ என்று விடை வரும் கேள்விகளால் மட்டுமே பிரிக்கச் சொல்லுங்கள். முதல் மூன்றும் விக்னா என்ற ஒரே பேரினம் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். பச்சைப்பயறையும் உளுந்தையும் எல்லோரும் நிறத்தை வைத்தே பிரிப்பார்கள். ஆனால் உளுந்தில் பச்சை நிற விதை கொண்ட வகைகளும் உண்டு. அப்போது விதையின் ஓரத்தில் உள்ள வெண்ணிறத் தழும்பைப் பார்க்க வேண்டும். உளுந்தில் அதன் விளிம்பு சற்று மேலெழுந்து நிற்கும், பச்சைப்பயறில் தட்டையாக இருக்கும். உருப்பெருக்கும் கண்ணாடி இருந்தால் நல்லது. ஆட்டுக்குட்டிக் கேள்விக்கு இது இன்னொரு விடை.

மதிப்பீட்டுக்கு நான் கொடுக்கும் வினா ஒன்றுதான்: உன் வீட்டிலோ தெருவிலோ ஒன்றுபோல் தோன்றும் இரண்டு உயிரிகளைத் தேர்ந்தெடு. அவை ஒரே சிற்றினமா, வேறு வேறா என்று சொல். குறைந்தது மூன்று சான்றுகள் எழுது. கடந்த முறை வந்த தாள்களில் இரண்டு வகைத் துளசி இருந்தது, வீட்டுப் பல்லியும் மரத்துப் பல்லியும் இருந்தன, கட்டெறும்பும் சிற்றெறும்பும் இருந்தன. மூன்றாவது சான்று கிடைக்காமல் “இன்னும் பார்க்க வேண்டும்” என்று எழுதியிருந்த ஒரு தாளுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.